பதின்மூன்றுக்குப் பூச்சியம்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தின் தென்பகுதியில் பிட்ஸ்ஜெரால்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அந்த ஊரை நிறுவியவர் ஒரு பத்திரிகையாசிரியர். எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் ஊரைக் கெடுத்த கதைகளே அதிகம் சொல்லப்படுகின்றன. ஊரை உண்டாக்கிய ஒருவரின் கதை அரிதாகத்தான் கிடைக்கிறது.

பிலாண்டர் பிட்ஸ்ஜெரால்ட் என்ற அந்த மனிதர் இண்டியானாபொலிஸ் நகரில் பத்திரிகை நடத்தியவர். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் இருந்த முன்னாள் படைவீரர்களே அவருடைய வாசகர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் பெற்றுக்கொடுக்கும் வழக்கறிஞர் தொழிலையும் அவர் செய்துவந்தார். 1890களின் தொடக்கத்தில் மத்திய மேற்கு மாநிலங்களை வறட்சி வாட்டியபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவர்களிடம் போரில் தோற்றிருந்த ஜோர்ஜியா மாநிலம் ரயில் பெட்டிகளில் உணவு அனுப்பியது. குளிரும் வறட்சியும் இல்லாத தெற்கிலே முதிய படைவீரர்களுக்கு ஒரு குடியேற்றம் அமைத்தால் என்ன என்று பிட்ஸ்ஜெரால்ட் தமது பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பங்குப்பணம் அனுப்பினார்கள். ஏறக்குறைய 50,000 ஏக்கர் பைன் காடு வாங்கப்பட்டு 1895 இல் ஊர் எழுந்தது.

எழுந்த இடத்தையும் கவனிக்கவேண்டும். தென்பகுதிக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் 1865 மே மாதத்தில் வடபகுதிப் படையினரிடம் பிடிபட்ட இர்வின்வில் அங்கிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கிறது. பகைவனின் முற்றத்தில் வந்து குடியேறியவர்கள் பகையை வளர்க்க விரும்பவில்லை. தெருக்களில் ஒரு பாதிக்கு கிராண்ட், ஷெர்மன் என்று வடபகுதித் தளபதிகளின் பெயர்களையும், மறு பாதிக்கு லீ, ஜாக்சன் என்று தென்பகுதித் தளபதிகளின் பெயர்களையும் சூட்டினார்கள். பெரிய விடுதி ஒன்றைக் கட்டி அதற்கு கிராண்ட்-லீ என்று பெயரிட எண்ணி, அயலவரின் மனம் நோகக்கூடாதென்று லீ-கிராண்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். 1896 இல் அறுவடை விழாவில் இரு தரப்பாருக்கும் தனித்தனி ஊர்வலம் என்று ஏற்பாடாகியிருந்ததாம். வாத்தியம் முழங்கியதும் இரு தரப்பு முதியவர்களும் ஒரே அணியாக நடந்துவிட்டார்கள் என்று ஊரார் இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள்.

நல்லிணக்கத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் போர் யாரைக் குறித்து நடந்தது? அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களைக் குறித்து. தெருப்பெயர்களில் சமரசம் கண்ட இரு தரப்பாரும் வெள்ளையர்கள். வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் 2001 இல் வெளியிட்ட நூலொன்றில் இதைத்தான் விரிவாக வாதிடுகிறார்: வடக்கும் தெற்கும் கைகுலுக்கிக்கொண்ட அந்த நல்லிணக்கத்தின் விலையைக் கறுப்பின மக்களே செலுத்தினார்கள். பிட்ஸ்ஜெரால்ட் என்ற ஊரின் பேஸ்போல் கழகத்தைப் பற்றி எழுத எண்ணிய நான் தெருப்பெயர்களில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் கழகத்தின் பெயர் பயனியர்ஸ். முன்னோடிகள் என்று பொருள். குடியேறிகளின் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

பேஸ்போல் பற்றி இலங்கை வாசகர்களுக்கு ஒரு சொல். எமது பாடசாலை மைதானங்களில் எல்லே விளையாடியவர்களுக்கு இந்த ஆட்டம் அந்நியமாகத் தோன்றாது. அடித்துவிட்டு ஓடி, நிலைகளைச் சுற்றிவந்து ஓட்டம் எடுக்கும் ஆட்டம். ரொறன்ரோவில் இருக்கும் நண்பர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை; அவர்களுடைய பிள்ளைகள் எனக்கே வகுப்பெடுப்பார்கள். ஆயினும் அவர்கள் தொலைக்காட்சியில் காணும் பெரிய லீக் ஒரு மலையின் உச்சி மட்டுமே. அதன் கீழே படிப்படியாகச் சிறிய லீக்குகள் உள்ளன. அக்காலத்தில் அவற்றை ஆங்கில எழுத்துக்களால் தரம் பிரித்திருந்தார்கள். மேலே ட்ரிபிள் ஏ, அடியிலே டி. டி தரம் என்றால் மலையடிவாரத்துப் புல்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இந்தப் புல் மிகச் செழிப்பாக வளர்ந்தது. 1949 இல் அமெரிக்காவில் 59 சிறிய லீக்குகள் இருந்தன. நானூறுக்கும் அதிகமான ஊர்களில் சம்பளம் வாங்கும் அணிகள் ஆடின. அந்த ஆண்டில் ஏறக்குறைய 4 கோடிப் பேர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். ஜோர்ஜியா ஸ்டேட் லீக் 1948 இல் தொடங்கியது. டப்ளின், ஈஸ்ட்மன், ஜெசப், டக்ளஸ், விடேலியா என்று அதில் ஆடிய ஊர்களின் பெயர்களைத் தேசப்படத்தில் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பிட்ஸ்ஜெரால்டின் சனத்தொகை அப்போது எட்டாயிரம் அளவில் இருந்தது. எட்டாயிரம் பேர் வாழும் ஊர், சம்பளத்துக்கு ஆடும் ஒரு விளையாட்டுக் கழகத்தை வைத்திருந்தது என்பதை நாம் கற்பனை செய்துகொள்ளவே சிரமப்படுகிறோம்.

எப்படி நடத்தினார்கள்? ஊர் வர்த்தகர்கள் பணம் போட்டார்கள். மைதானத்து மதிற்பலகைகளில் மரக்கடையும் மருந்துக்கடையும் விளம்பரம் எழுதின. இருபது வயதுக்கு முன்பின்னான இளைஞர்கள் மிகச் சொற்பச் சம்பளத்துக்கு ஆடினார்கள். ஊரார் வீடுகளில் அறை எடுத்துத் தங்கினார்கள். பழைய பேருந்தில் பக்கத்து ஊருக்குப் போய் ஆடிவிட்டு நள்ளிரவில் திரும்பினார்கள். இவர்களுடைய வருமானத்தில் ஒரு பகுதி கம்பிவலையிலிருந்து வந்தது. யாராவது எல்லைக்கு வெளியே அடித்து ஓட்டம் எடுத்தால், பார்வையாளர்கள் வலையின் கண்ணிகளுக்கூடாக டொலர் தாள்களைச் சுருட்டி நீட்டுவார்கள். அடித்தவர் வலையோரமாக நடந்து அவற்றைச் சேர்த்துக்கொள்வார். இது தென் மாநிலச் சிற்றூர்களில் வழக்கமாக இருந்தது. இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்கிறேன்.

பயனியர்ஸ் அணியின் ஆட்டத்திறனைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவர்கள் நினைவுகூரப்படுவது வெற்றிகளுக்காக அன்று. படுதோல்வி ஒன்றின் இறுதிக் கட்டத்தில் நடந்த சில நிமிட நிகழ்ச்சிக்காக.

1952 ஆம் ஆண்டு ஜூலை 19. ஸ்டேட்ஸ்போரோ என்ற இன்னொரு ஜோர்ஜியச் சிற்றூரில் பயனியர்ஸ் விருந்தாளி அணி. உள்ளூர் அணியின் பெயர் பைலட்ஸ். எட்டாவது இன்னிங்ஸ் வந்தபோது ஸ்டேட்ஸ்போரோ 13, பிட்ஸ்ஜெரால்ட் 0. இரவு ஆட்டம். கூட்டத்துக்கு ஆட்டம் சலித்துவிட்டது. வேடிக்கை தேவைப்பட்டது. "மட்டைப் பையனை இறக்கு!" என்று யாரோ கத்தத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மட்டைப் பையன் என்பவன் வீரர்களின் மட்டைகளை அடுக்கிவைத்து, எடுத்துக்கொடுத்து, எறியப்பட்டதைப் பொறுக்கிவரும் ஏவலாள். பிட்ஸ்ஜெரால்ட் அணியின் மட்டைப் பையன் ஜோ லூயி ரெலிபோர்ட். வயது 12. கறுப்பினச் சிறுவன். தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பார்த்து, உங்களுடைய வீரர்களைவிட அந்தப் பொடியன் நன்றாக ஆடுவான் என்று சொல்வது எந்த நாட்டு மைதானத்திலும் கேட்கக்கூடிய எள்ளல்தான். ஆனால் 1952 இன் ஜோர்ஜியாவில் அந்த எள்ளலுக்குள் இன்னொரு எள்ளலும் இருந்தது. வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த லீக் அது. அந்தச் சிறுவன் வெள்ளையனாக இருந்திருந்தால் கூட்டம் அவ்வளவு உரக்கக் கத்தியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, நான் ஐயுறுகிறேன்.

பயனியர்ஸ் மேலாளர் சார்லி ரிட்ஜ்வே நடுவரிடம் போனார். இறக்கலாமா என்று கேட்டார். நடுவர் எட் கியூபிக் சரி என்றார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டையுடன் களத்தில் இறங்கினான்.

அவன் பந்தை அடித்தான். மட்டையில் நன்றாகப் பட்ட பந்து தரையோடு மூன்றாம் நிலைக்காரரிடம் போனது. அவர் எடுத்து எறிய, ஓடிய சிறுவன் ஆட்டமிழந்தான். தொழில்முறைப் பந்துவீச்சாளர் ஒருவரின் பந்தைப் பன்னிரண்டு வயதில் மட்டையால் தொடுவதே பெரிய காரியம். இத்துடன் முடிந்திருந்தால் வேடிக்கை வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆனால் மாற்றாக இறங்கியவன் அடுத்த பாதியில் களத்தடுப்புக்கும் போகவேண்டும். அவனை மைதானத்தின் ஆழத்தில் நிறுத்தினார்கள். பந்து அங்கே வராது என்று எண்ணியிருக்கலாம். வந்தது. ஸ்டேட்ஸ்போரோவின் துடுப்பாளர் ஒருவர், அதுவும் தொடர்ச்சியாகப் பல ஆட்டங்களில் அடி தவறாமல் அடித்துவந்தவர், பந்தை வேலிவரை தூக்கி அடித்தார். சிறுவன் ஓடினான். வேலியோரத்தில் பந்தைப் பிடித்தான்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். பெரும்பாலும் வெள்ளையர்களால் நிரம்பிய, எதிரணியின் ஆதரவாளர்களான கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. சிறுவன் பயந்துபோனான் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த மாநிலத்தில் வெள்ளையர் கூட்டமொன்று கறுப்பினச் சிறுவனை நோக்கி ஓடிவந்தால் அவன் பயப்படாமல் வேறென்ன செய்வான்? ஆனால் வந்தவர்கள் அவனுடைய முதுகில் தட்டினார்கள். காற்சட்டைப் பைகளில் பணத்தைத் திணித்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இந்த இடத்தில் நெகிழ்ந்து நின்றுவிடுகிறார்கள். விளையாட்டு மனிதர்களை இணைக்கிறது, ஒரு சிறுவனின் திறமை நிறவெறியை வென்றது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பணத்தை நான் அலட்சியம் செய்யவும் மாட்டேன். முன்னர் சொன்ன கம்பிவலை வழக்கத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். நன்றாக ஆடிய வீரனுக்கு ரசிகன் கொடுக்கும் பணம் அது. ஏவலாளுக்கு வீசும் சில்லறை அன்று. அதாவது அந்தக் கூட்டம், தான் அறிந்தோ அறியாமலோ, அந்தச் சிறுவனை ஒரு பேஸ்போல் வீரனாக நடத்தியது. கோமாளியாக இறக்கியவனை வீரனாக ஏற்கவேண்டிய நிலை அந்தப் பிடியினால் வந்தது.

லீக் நிர்வாகத்தினர் அடுத்து செய்ததை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். நடுவர் கியூபிக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மேலாளர் ரிட்ஜ்வேக்கு ஐந்து நாள் இடைநிறுத்தமும் 50 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறுவனுக்கும் மட்டைப் பையன் வேலை போயிற்று.

நியாயமாகப் பேசவேண்டுமென்றால் மறுதரப்பின் வாதத்தையும் சொல்லவேண்டும். தொழில்முறை லீக்கில் ஒப்பந்தம் இல்லாத ஒருவரை இறக்குவது விதிமீறல். அவன் கறுப்பனோ வெள்ளையனோ, பன்னிரண்டு வயதோ இருபதோ, பெயர் பட்டியலில் இல்லாதவன் ஆடக்கூடாது. ஆகவே நடுவரும் மேலாளரும் தண்டிக்கப்பட்டது சரியே என்று ஒருவர் வாதிடலாம். விளையாட்டுப் பக்கத்தில் தொழில் பழகியவன் என்ற முறையில் இந்த வாதத்தின் வலிமையை நான் மதிக்கிறேன். விதிகள் இல்லாவிட்டால் புள்ளிவிபரங்களுக்குப் பொருள் இல்லை.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதற்கு முந்திய ஆண்டு, 1951 ஓகஸ்ட் 19 அன்று, பெரிய லீக்கிலேயே சென் லூயிஸ் பிரவுண்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக், 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கேடெல் என்பவரை வேடிக்கைக்காகத் துடுப்பெடுத்தாட அனுப்பினார். முதுகில் 1/8 என்ற இலக்கம். நடுவர் சந்தேகப்பட்டபோது ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து நீட்டினார்கள். கேடெல் ஆடினார். மறுநாள் லீக் தலைவர் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவித்தார். ஆட அனுமதித்த நடுவருக்கு வேலை போகவில்லை. ஒப்பந்தம் இருந்தது என்பது வேறுபாடுதான், ஒப்புக்கொள்கிறேன். எனினும், பதின்மூன்றுக்குப் பூச்சியம் என்று ஏற்கெனவே முடிந்துபோன, யாருடைய தரவரிசையையும் மாற்றாத ஓர் ஆட்டத்தில் மேலாளர் கேட்டதற்குத் தலையாட்டிய ஒருவருக்கு வேலை நீக்கம் என்பது, பட்டியலில் பெயர் இல்லாத குற்றத்துக்கு மட்டும் உரிய தண்டனையாக எனக்குத் தோன்றவில்லை. ஏவலாளான சிறுவன் செய்த விதிமீறல் என்ன? ஆடச் சொன்னார்கள், ஆடினான்.

அந்தக் காலத்துத் தெற்கின் விளையாட்டுச் சட்டங்களைப் பார்த்தால் ஐயம் தெளியும். ஜோர்ஜியாவுக்கு அடுத்த அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரம் 1950 இல் ஒரு நகரசபைச் சட்டத்தை இறுக்கமாக்கி வைத்திருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பேஸ்போல், கூடைப்பந்து ஆடுவது மட்டுமல்ல, டொமினோ ஆடுவதும் குற்றம். தாயக்கட்டையைக்கூடச் சேர்ந்து உருட்ட முடியாது. ஜோர்ஜியாவில் 1949 இல் புரூக்லின் டொட்ஜர்ஸ் அணி ஜாக்கி ரொபின்சனையும் ரோய் கம்பனெல்லாவையும் அட்லாண்டாவுக்கு அழைத்துவந்து காட்சி ஆட்டம் ஆடியபோது, அதைத் தடுப்போம் என்று கூ கிளக்ஸ் கிளான் தலைவர் பகிரங்கமாக மிரட்டினார். ஆட்டம் நடந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆனால் வடக்கிலிருந்து வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கும், உள்ளூர் லீக்கில் நாளும் ஆடுகிறவருக்கும் இடையில் பெரிய கோடு இருந்தது.

ரெலிபோர்ட் பந்தைப் பிடித்த அதே கோடையில், விஸ்கொன்சின் மாநிலத்தின் ஓ கிளேர் என்ற வடபகுதிச் சிற்றூரில் சி தர அணியொன்றுக்கு 18 வயது இளைஞர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். பெயர் ஹென்றி ஏரன். அடுத்த ஆண்டு, 1953 இல், அவரைத் தெற்கே ஜாக்சன்வில் அணிக்கு அனுப்பினார்கள். ஏரனும் அவருடைய இரு தோழர்களும், சவன்னா அணியின் இரு கறுப்பின வீரர்களுமாகச் சேர்ந்துதான் சவுத் அட்லாண்டிக் லீக்கில் நிறத்தடையை உடைத்தார்கள். ஜோர்ஜியா நகரங்கள் பலவற்றில் ஏரன் ஆடினார். ஆட்டம் முடிந்தபின் அணியுடன் உணவகத்தில் உண்ண முடியாது. விடுதியில் தங்க முடியாது. அந்தப் பருவத்தில் அவருடைய துடுப்பாட்டச் சராசரி .362. லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அதே 1953 இல் ஆர்கன்சோ மாநிலத்தின் ஹொட் ஸ்பிரிங்ஸ் அணி, டுகர்சன் என்ற குடும்பப் பெயருடைய கறுப்பினச் சகோதரர்கள் இருவரை ஒப்பந்தம் செய்தது. இங்கே ஒப்பந்தம் முறையாக இருந்தது. பெயர் பட்டியலில் இருந்தது. எல்லாம் விதிப்படி. என்ன நடந்தது? கொட்டன் ஸ்டேட்ஸ் லீக், அந்தச் சகோதரர்களை வைத்திருந்த குற்றத்துக்காக ஹொட் ஸ்பிரிங்ஸ் அணியையே லீக்கிலிருந்து வெளியேற்ற வாக்களித்தது. சிறிய லீக்குகளின் தலைமை அமைப்பு அந்த முடிவை ரத்துச் செய்தது. மே 20 அன்று ஜிம் டுகர்சன் பந்துவீச இருந்த ஆட்டத்தை லீக் தலைவர் எதிரணிக்கு வெற்றியென்று அறிவித்தார். ஒரு பந்துகூட வீசப்படவில்லை. பிறகு டுகர்சன் டெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் அணிக்குப் போய் அதே ஆண்டில் 29 ஆட்டங்களை வென்றார்.

ஒப்பந்தம் இல்லாமல் ஆடினால் விதிமீறல். ஒப்பந்தத்துடன் ஆட வந்தால் அணியையே நீக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஸ்டேட்ஸ்போரோ இரவின் பிரச்சினை ஒப்பந்தப் பத்திரமாக இருந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பிட்ஸ்ஜெரால்ட் கழகத்துக்குத் திரும்புவோம். 1952 உடன் ஜோர்ஜியா ஸ்டேட் லீக்கில் அதன் காலம் முடிந்தது. பின்னர் ஜோர்ஜியா-புளோரிடா லீக்குக்கு மாறி, பெயர்களை மாற்றிக்கொண்டு, 1957 வரை தாக்குப்பிடித்தது. ஜோர்ஜியா ஸ்டேட் லீக் 1956 உடன் கலைந்தது. ஏன் கலைந்தது என்பதற்கு அமெரிக்கர்கள் சொல்லும் காரணங்கள் பல. தொலைக்காட்சி வந்தது, வீட்டிலிருந்தபடியே பெரிய லீக் ஆட்டத்தைப் பார்க்கலாம். குளிரூட்டி வந்தது, கோடை இரவில் காற்று வாங்க மைதானத்துக்குப் போகவேண்டியதில்லை. கார் வந்தது, பக்கத்து நகரத்துக்குப் போகலாம். பெரிய கழகங்களும் தமக்கு வேண்டிய அளவு பயிற்சி அணிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டன. 1949 இல் 59 ஆக இருந்த லீக்குகள் 1960களின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்களவாகச் சுருங்கின. 1963 இல் தரப்பிரிவுகளைத் திருத்தியபோது பி, சி, டி ஆகிய மூன்று எழுத்துக்களும் ஒரேயடியாக நீக்கப்பட்டன. மலையடிவாரத்துப் புல்லை மலைக்காரர்களே செதுக்கிவிட்டார்கள்.

இந்தக் காரணங்கள் எல்லாம் மெய்தான். ஆனால் நான் வாசித்த சிறிய லீக் வரலாறுகளில் ஏக்கத்தொனி சற்று அதிகம். பழைய மரப்படிக்கட்டு, வறுத்த நிலக்கடலை, ஊரே கூடிய கோடை இரவு என்று எழுதுகிறார்கள். ஊரே கூடியதா? கூடிய ஊரில் ஒரு பகுதியினர் தனி இருக்கைகளில் ஒதுக்கி அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் களத்தில் இடமில்லை. மட்டை பொறுக்க மட்டும் இடமிருந்தது. அட்லாண்டாவும் பேர்மிங்ஹாமும் ஆடிய சதர்ன் அசோசியேஷன் என்ற பெரிய தென்னக லீக்கை எடுத்துக்கொள்வோம். 1954 ஏப்ரலில் நற் பீப்பிள்ஸ் என்ற கறுப்பின வீரரை அட்லாண்டா அணி இரண்டே ஆட்டங்களில் இறக்கிவிட்டுக் கீழே அனுப்பிவிட்டது. அவருக்கு முன்னரும் எவருமில்லை, பின்னரும் எவருமில்லை. அறுபது ஆண்டு வாழ்ந்த அந்த லீக் 1961 பருவத்துடன் மூடப்பட்டது. தொலைக்காட்சிதான் கொன்றது என்பவர்கள், அந்த நகரங்களின் கறுப்பின மக்கள் தம்மவர் ஒருவரும் ஆடாத ஆட்டத்துக்கு எதற்காகச் சீட்டு வாங்கவேண்டும் என்ற கேள்வியையும் கேட்டிருக்கலாம். டெக்சாஸ் லீக்கில் அதற்கு மாறாக நடந்தது. 1952 இல் டலஸ் அணி டேவ் ஹொஸ்கின்ஸ் என்ற கறுப்பினப் பந்துவீச்சாளரை இறக்கியபோது, அவரைப் பார்க்கவென்றே சனம் திரண்டது. அவர் அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்களை வென்றார். வியாபாரக் கணக்குத் தெரிந்தவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். மற்றவர்கள் நட்டப்பட்டாலும் கொள்கை பிழைக்கட்டும் என்று இருந்தார்கள்.

ஜோ ரெலிபோர்ட் வளர்ந்து, அயலூரான டக்ளஸில் காவல்துறையில் பணியாற்றினார். பிற்காலத்தில், அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்போல் ஆட்டமொன்றில் ஆடிய மிக இளைய வீரர் என்று புகழ்பெற்றார். தமது கதையை நூலாகவும் எழுதினார். பெரிய லீக்கில் மிக இளையவர் என்று சொல்லப்படும் ஜோ நக்ஸ்ஹோல் 1944 இல் ஆடியபோது வயது 15. ரெலிபோர்ட் அவரைவிட மூன்று வயது இளையவர். செய்திகள், வினாவிடைப் போட்டிகள், நிரப்புத் துணுக்குகள் எல்லாவற்றிலும் இந்த வயதுக் கணக்கே முன்னே நிற்கிறது. ஜோர்ஜியா ஸ்டேட் லீக்கின் முதலாவது கறுப்பின வீரர் என்பது அடுத்த வரியில் வருகிறது, வந்தால்.

பத்திரிகை மேசையில் அமர்ந்தவர்களுக்கு இது ஏனென்று தெரியும். வயது ஒரு சாதனை, யாரையும் உறுத்தாது. பன்னிரண்டு வயது என்று தலைப்பிட்டால் வாசகன் புன்னகைப்பான், பக்கத்தைப் புரட்டுவான். மற்றதைத் தலைப்பாக்கினால், நடுவரை ஏன் நீக்கினார்கள் என்ற கேள்வி எழும். யார் நீக்கினார்கள் என்று கேட்பார்கள். அந்த ஊர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் சிலர் பதில் சொல்லவேண்டியிருக்கும். இரண்டு செய்தியும் உண்மை. எதை மேலே வைப்பது என்பதில்தான் ஆசிரியபீடத்தின் குணம் தெரிகிறது. நான் என்றால் கியூபிக்கின் வேலைநீக்கத்தைத் தலைப்பாக வைப்பேன். அந்தக் கதையில் எவரும் பெரிதாக எழுதாத மனிதர் அவர்தான். கொள்கைக்காகச் செய்தாரா, ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்ற அலுப்பில் சரி என்றாரா என்பதை நாம் அறியோம். அறியவேண்டியதும் இல்லை. கேட்டார்கள், அவர் மறுக்கவில்லை. அந்த மாநிலத்தில், அந்த ஆண்டில், மறுக்காமல் இருப்பதற்கே அவ்வளவு விலை இருந்தது.

பிட்ஸ்ஜெரால்ட் இன்று பேஸ்போலுக்காக அறியப்படும் ஊர் அன்று. 1960களில் ஜோர்ஜியா மாநில வனவிலங்குத் துறையினர் வேட்டைக்காகவென்று பர்மியக் காட்டுக்கோழிகளைக் கொண்டுவந்து அயலிலுள்ள ஆற்றோரத்தில் விட்டார்கள். எமது தேசியப் பறவைக்கு ஒன்றுவிட்ட உறவு அவை. காட்டில் நிற்கப் பிடிக்காமல் அவை ஊருக்குள் வந்துவிட்டன. லீ தெருவிலும் கிராண்ட் தெருவிலும் பேதமின்றி மேய்ந்துகொண்டு திரிகின்றன. ஊரார் அவற்றுக்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். பயனியர்ஸ் அணியின் பழைய வீரர்களில் எவரேனும் உயிரோடு இருந்தால் அவருக்கு இப்போது தொண்ணூறு வயதைக் கடந்திருக்கும். 13-0 என்ற அந்த ஆட்டத்தின் புள்ளி அட்டையில் ரெலிபோர்ட்டின் பெயருக்கு நேரே இருக்கக்கூடியது ஒரு துடுப்பு வாய்ப்பும் ஒரு பூச்சியமும். பிடித்த பந்துக்குத் துடுப்பாட்ட நிரலில் இடம் கிடையாது. அதைக் களத்தடுப்பு நிரலில் தேடவேண்டும்.